பென்சிலோடு போய் வாங்கிய கார்

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஓரமாக ஒரு கார் நின்றால், மிச்ச இடத்தில் ஆட்டோ மட்டும்தான் நுழையும். இந்தத் தெருவில் இருந்துகொண்டு நமக்கு எதற்குக் கார் என்று பத்து வருஷம் தள்ளிப்போட்டேன். போன வருஷம் அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் மடங்காமல் போய்விட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலியை அடக்குவதைப் பார்த்தபின் தள்ளிப்போட மனசு வரவில்லை. 2025 டிசம்பரில் வாங்கினோம். எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் கார்.

வாங்கி முடித்துக் கணக்குப் பார்த்தபோது, முதல் நாள் சொன்ன விலைக்கும் கடைசியில் கட்டியதற்கும் 80,200 ரூபாய் வித்தியாசம். கேட்டவர்கள் எல்லோரும் "அவ்ளோ டிஸ்கவுன்ட்டா?" என்றார்கள். டிஸ்கவுன்ட் 22,000தான். மீதி 58,200 ரூபாய், காரின் விலையோடு சேர்த்து எழுதப்பட்டிருந்த, காருக்குச் சம்பந்தமில்லாத பணம். இதை விரிவாக எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். எங்கள் பக்கத்தில் முதல் கார் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். சீட்டு எடுத்து, நகையை வைத்து, பிஎஃப்பில் கைவைத்து வாங்குகிறார்கள். அவர்கள் வீட்டில் 58,200 ரூபாய் என்பது ஒரு பிள்ளையின் ஒரு வருஷப் படிப்பு.

நான் வேலை செய்வது ராஜாஜி சாலைப் பக்கம், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். பத்தொன்பது வருஷமாக பில் போடுவதும் பில் சரிபார்ப்பதும்தான் வேலை. ஒரு கன்டெய்னர் துறைமுகத்தை விட்டு வெளியே வருவதற்குள் கப்பல் ஏஜென்ட், சிஎஃப்எஸ் என்னும் கன்டெய்னர் கிடங்கு, லாரிக்காரர் என்று ஆளுக்கொரு பில் நீட்டுவார்கள். அவை கைக்கு வந்ததும் முதலில் இரண்டாகப் பிரிப்போம். ரசீது உள்ள செலவு, ரசீது இல்லாத செலவு. கஸ்டம்ஸ் வரிக்குச் சலான் இருக்கும், துறைமுகக் கட்டணத்துக்கு ரசீது இருக்கும். அதில் பேச ஒன்றுமில்லை, அப்படியே கட்டிவிடுவோம். ரசீது இல்லாததில்தான் பேச்சு அத்தனையும். கார் வாங்கப் போனபோது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்.

டிசம்பர் 6, சனிக்கிழமை. ஷோரூமின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ எழுதப்போவதில்லை. கார் நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1200 சிசிக்கு உட்பட்டது. அது மட்டும் தெரிந்தால் கணக்குப் புரியும். அன்றைக்கு ஷோரூமில் நிற்க இடமில்லை. மார்கழி பிறந்துவிட்டால் வண்டி எடுக்கமாட்டார்கள், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று கார்த்திகைக் கூட்டம். எங்களைக் கவனித்த தம்பிக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வருகிறான். மரியாதையான பையன். அப்பா உட்கார்ந்து எழுந்து பார்க்க வசதியாக டெமோ காரின் முன்சீட்டைப் பின்னால் தள்ளிக் கொடுத்தான். அதன்பிறகு ஒரு ஏ4 தாளில் விலையை அச்செடுத்துக் கொடுத்தான்.

எக்ஸ்-ஷோரூம், அதாவது காரின் விலை மட்டும், 7,62,000. வாழ்நாள் சாலை வரி 99,060. ரிஜிஸ்ட்ரேஷன் 9,500. இன்சூரன்ஸ் 46,800. கூடுதல் வாரன்ட்டி 14,500. ஆக்சசரீஸ் கிட் 24,900. பெயின்ட் கோட்டிங்கும் அடிப்பாகக் கோட்டிங்கும் சேர்த்து 12,000. லாஜிஸ்டிக்ஸ் அண்ட் ஹேண்ட்லிங் 8,500. ஃபாஸ்டேக் 600. ஆக மொத்தம் ஆன்-ரோடு 9,77,860. கீழே பால்பாயின்டில் "ஸ்பெஷல் டிஸ்கவுன்ட் 10,000" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தான்.

"சார், இந்த ஆஃபர் 15ஆம் தேதி வரைக்கும்தான். மார்கழி பொறந்துட்டா முடிஞ்சிடும். இன்னிக்கே அஞ்சாயிரம் கட்டி புக் பண்ணிடுங்க."

கட்டவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பென்சில் எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறி போட்டேன். எதற்கு மூன்றாம் ஆளின் ரசீது வருமோ அதற்கு 'ர'. எது ஷோரூமின் சொந்தக் கணக்கோ அதற்கு வெறும் கோடு.

எக்ஸ்-ஷோரூம் விலையை நான் கோடும் போடவில்லை, 'ர'வும் போடவில்லை. கம்பெனியின் வலைத்தளத்தில் சென்னை என்று தேர்ந்தெடுத்தால் வேரியன்ட் வாரியாக விலை வரும். அதே தொகைதான் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த மாதிரிச் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது, மேலே இருந்த செஸ் என்னும் கூடுதல் வரியும் போய்விட்டது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை.

சாலை வரிக்கு 'ர'. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் விகிதங்களை மாற்றினார்கள். 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 7,62,000க்கு 13 சதவீதம் 99,060. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரசாங்கத்துக்குப் போகிற பணம், இதில் பேரம் கிடையாது. இந்த விகிதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒருவர் 9,99,000 ரூபாய் கார் பார்க்கப் போனார். அவரை, "பதினொன்னாயிரம்தான் சார் வித்தியாசம், சன்ரூஃப் வருது" என்று 10,10,000 ரூபாய் வேரியன்ட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். 9,99,000க்கு வரி 1,29,870. 10,10,000க்கு 1,81,800. பதினோராயிரம் என்று சொன்னது வரியில் மட்டும் இன்னொரு 51,930 ஆகிவிட்டது. அதோடு 10 லட்சத்தைத் தாண்டியதால் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே பிடிக்கும் வருமான வரி, வேறு பிடித்தார்கள். டிசிஎஸ் வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும். சாலை வரி வராது. அதை அவரிடம் அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ரசீது உண்டு, ஆனால் 9,500க்குக் கிடையாது. பதிவுக் கட்டணம் 600, ஸ்மார்ட் கார்டு 200, கடன் இருந்தால் அதை ஆர்சியில் ஏற்ற 1,500, சாலைப் பாதுகாப்பு வரி. எல்லாம் கூட்டினாலும் 9,500 வராது. நம்பர் பிளேட்டுக்குத் தனியாகக் கேட்டால் கொடுக்கக் கூடாது. 2019 ஏப்ரலிலிருந்து உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைப் பொருத்தித்தான் புது வண்டியைக் கொடுக்க வேண்டும்.

அதிக நேரம் எடுத்தது இன்சூரன்ஸ். புது காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து. அந்தப் பகுதியின் பிரீமியம் எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். அப்போது 1000 முதல் 1500 சிசி வரை 10,640, ஜிஎஸ்டி சேர்த்தால் 12,555. வித்தியாசம் வருவதெல்லாம் மீதியில், அதாவது நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதியில். அதே காருக்கு, அதே ஐடிவிக்கு (வண்டி முழுக்கப் போய்விட்டால் இன்சூரன்ஸில் கிடைக்கும் தொகை), அதே ஆட்-ஆன்களோடு (கூடுதல் பாதுகாப்புகள்) வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டேன். ஒன்று 34,100, இன்னொன்று 33,400. ஷோரூமில் 46,800. ஐடிவியைக் குறைத்துவிட்டு பிரீமியம் குறைவு என்று காட்டுவார்கள், அதைக் கவனிக்க வேண்டும். புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூமில் 95 சதவீதம், என் கணக்கில் 7,23,900. மூன்று தாளிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஒப்பிட்டேன்.

ஆட்-ஆன்களில் ஒன்றை மட்டும் எவ்வளவு விலை சொன்னாலும் விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். எஞ்சின் புரொடெக்ட். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த தெரு எங்களுடையது. தண்ணீருக்குள் நிற்கும் காரை ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தால் போதும், சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் தரமாட்டார்கள். மிக்ஜாமின்போது எங்கள் தெருமுனையில் இரண்டு வீட்டுக்காரர்கள் எஞ்சின் செலவை முழுக்கக் கையிலிருந்து கட்டினார்கள். வடசென்னையில் கார் வாங்குகிறவர்கள் சீட் கவரை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மீதி எல்லாம் கோடுதான். ஆக்சசரீஸ், கோட்டிங், ஹேண்ட்லிங்.

டிசம்பர் 13 அன்று அதே கம்பெனியின் இன்னொரு ஷோரூமுக்குப் போனேன். கொஞ்சம் தூரம். அதே வேரியன்ட், அதே நிறம். அங்கே டிஸ்கவுன்ட் 22,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் இன்சூரன்ஸ் 49,000, கிட் 28,000. இப்படித்தான் ஒரு இடத்தில் கொடுத்து இன்னொரு இடத்தில் எடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தேவைப்பட்டது அந்த 22,000 என்ற எண்ணும் அதற்குக் கீழே ஒரு சீலும்.

பழைய காரைக் கொடுத்துப் புது கார் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. எங்களிடம் பழைய கார் கிடையாது. என் மைத்துனர் வாங்கியபோது பழைய வண்டிக்கு நல்ல விலை கொடுத்து, புதுசின் டிஸ்கவுன்ட்டை அப்படியே விழுங்கிவிட்டார்கள். அவர் சொன்னது, புது வண்டியின் விலை தாளில் ஏறி முடியும்வரை பழைய வண்டி இருக்கிறது என்றே வாயைத் திறக்காதே.

மார்கழி பிறந்தது. 15ஆம் தேதியோடு முடியும் என்ற ஆஃபர் என்ன ஆயிற்று என்று பார்க்க 20ஆம் தேதி சனிக்கிழமை முதல் ஷோரூமுக்கே போனேன். இரண்டு வாரத்துக்கு முன் நிற்க இடமில்லாத இடத்தில் எங்களைத் தவிர ஒரே ஒரு குடும்பம். தம்பி ஓடிவந்தான். "அண்ணா, வாங்கண்ணா" என்றான். சார் என்பது போய் அண்ணா ஆகியிருந்தது. வருஷக் கடைசி, ஸ்டாக்கில் நிற்பதெல்லாம் 2025 வண்டி. ஜனவரி பிறந்துவிட்டால் அதே வண்டி போன வருஷத்து வண்டி ஆகிவிடும். ஊரே எடுக்கத் தயங்கும் மாதம். அவர்களுக்கு வண்டி நகர வேண்டும், எனக்கு அவசரமில்லை. அன்றைக்குப் பேசியது சுமார் இரண்டு மணி நேரம்.

பென்சில் குறி போட்ட தாளை மேஜையில் வைத்தேன். "தம்பி, 'ர' போட்டதெல்லாம் ரசீதைக் குடு, ரசீதுல இருக்கறத அப்படியே கட்டிடறேன். கோடு போட்டதை ஒவ்வொண்ணா பேசலாம்."

ஹேண்ட்லிங்கில் ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் ஹேண்ட்லிங் என்றால் பெட்டியைத் தூக்கி இறக்கும் கூலி. யார் தூக்கினார்கள், எங்கே இறக்கினார்கள் என்று கேட்டால் பதில் இருக்கும். இங்கே கேட்டதற்கு, ஸ்டாக்யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவரும் செலவு என்றான்.

"எக்ஸ்-ஷோரூம்னா என்ன தம்பி? ஷோரூம்ல வெச்சு விக்கற வெலைதானே? அப்போ ஷோரூமுக்கு வர்ற செலவு அதுக்குள்ளதானே இருக்கணும்?"

அவன் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தான். மேனேஜர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கட்றாங்க சார்" என்றார். "இதுக்கு ஜிஎஸ்டி நம்பரோட தனி பில் தர்றீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். குரலை உயர்த்தவோ புகார் செய்வேன் என்று மிரட்டவோ வேண்டியிருக்கவில்லை. பில் கேட்டதே போதுமாக இருந்தது.

ரிஜிஸ்ட்ரேஷன், ரசீதுப்படி என்று ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் 5,300 ஆயிற்று. கோட்டிங்கைத் தொடவே இல்லை, வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்கள். ஆக்சசரீஸ் கிட்டில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். குரோம் பட்டை, கதவு ஓரத்துக்கு ரப்பர், வாசனைப் புட்டி, கார் கவர், மிதியடி, மட்ஃபிளாப். மிதியடியும் மட்ஃபிளாப்பும் மட்டும் தனியாக 3,200க்கு எடுத்துக்கொண்டேன்.

இன்சூரன்ஸில்தான் அழுத்தம் கொடுத்தார்கள். வெளியே எடுத்தால் கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டும் வசதி, கிடைக்காது என்று முதலில் தம்பி சொன்னான். கேஷ்லெஸ் என்பது பாலிசியை யார் விற்றார்கள் என்பதைப் பொறுத்ததில்லை, அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நான் முன்கூட்டியே அந்தக் கம்பெனியில் கேட்டு, இவர்கள் ஒர்க்‌ஷாப் பெயர் பட்டியலில் இருப்பதைப் போனில் வைத்திருந்தேன். காட்டினேன். அடுத்து, வாரன்ட்டியில் பிரச்சினை வரும் என்றார் மேனேஜர். "அப்படின்னு எழுதிக் குடுங்க சார்" என்றேன். அந்தப் பேச்சும் நின்றது. டீலரிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, காப்பீட்டு ஆணையத்தின் விதியே அப்படித்தான்.

மேனேஜர் எழுந்து போனதும் தம்பியிடம் நேராகவே கேட்டேன். "உனக்கு இதுல என்ன வரும்?" கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். வண்டிக்கு வரும் இன்சென்டிவ் சின்னது. இன்சூரன்ஸும் ஆக்சசரீஸும் கணக்கில் ஏறினால்தான் கையில் ஏதாவது நிற்கும். மாதம் எட்டு வண்டி டார்கெட், அந்த மாதம் ஐந்துதான் ஆகியிருந்தது.

அதைக் கேட்ட பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. நியாயமான விலை என்பது எனக்கு மட்டும் நியாயமாக இருந்தால் போதாது. காலை ஏழு மணிக்கு மீஞ்சூரில் ரயிலேறி, ராத்திரி ஒன்பதுக்கு வீடு திரும்பும் பையன். வெளியே 33,400க்குக் கிடைக்கும் அதே பாலிசியை 35,000க்குக் கொடுத்தால் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மேனேஜர் 38,000 என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். 1,600 ரூபாய் தெரிந்தே கொடுத்தேன். கூடுதல் வாரன்ட்டியும் கம்பெனி விலைதான் என்பதால் அவன் கணக்கிலேயே எடுத்தேன்.

கடைசியில்தான் டிஸ்கவுன்ட். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். டிஸ்கவுன்ட்டை முதலில் பேசினால், அதைக் கொடுத்த மாதிரி கொடுத்து மற்ற வரிகளில் ஏற்றிவிடுவார்கள். மற்ற வரிகள் எல்லாம் உறைந்த பிறகு இன்னொரு ஷோரூமின் சீல் போட்ட தாளை எடுத்து வைத்தேன். 22,000. அவர்கள் 15,000, 18,000 என்று வந்து 22,000இல் நின்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மொத்தம் 8,97,660.

கடன் பேச்சு தனி மேஜை, தனி ஆள். அவர் கேட்ட முதல் கேள்வி "மாசம் எவ்ளோ கட்ட முடியும் சார்?" அதற்குப் பதில் சொல்லாதீர்கள். பதில் சொன்னால், அந்தத் தொகைக்குத் தக்கபடி வருஷத்தை நீட்டிவிடுவார்கள். 5 லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில் ஐந்து வருஷம் என்றால் மாதம் 10,379. ஏழு வருஷம் என்றால் 8,045. கேட்க இதமாக இருக்கும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 53,000 ரூபாய் கூடிவிடும். அடுத்து, "நம்மகிட்ட அஞ்சு பர்சென்ட்தான் சார், ஃபிளாட்" என்றார். ஃபிளாட் என்றால் கடன் குறையக் குறைய வட்டி குறையாது. 5 லட்சத்துக்கு 5 சதவீதம், ஐந்து வருஷம், வட்டி 1,25,000. என் சம்பளக் கணக்கு உள்ள வங்கியின் 9 சதவீதத்தில் வட்டி 1,22,740. ஐந்து என்று சொல்வது ஒன்பதைவிட அதிகம். போன் கால்குலேட்டரில் போட்டுக் காட்டியபோது என் மனைவி அந்த எண்களை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். வங்கியிலேயே எடுத்துக்கொண்டோம்.

புக்கிங் பாரத்தில் பேசிய ஒவ்வொரு தொகையையும் எழுதி, மேனேஜர் கையெழுத்தும் சீலும் வாங்கிய பிறகுதான் 10,000 கட்டினேன். "வண்டியைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பின்பே பதிவு" என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொன்னேன். பதிவாகிவிட்டால் அது நம் வண்டி, திருப்பிக் கொடுக்க முடியாது. பார்க்க வேண்டியதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

22ஆம் தேதி அரை நாள் லீவு போட்டுவிட்டு, தம்பியின் பைக்கில் செங்குன்றம் பக்கம் இருக்கும் ஸ்டாக்யார்டுக்குப் போனோம். டிசம்பர் தொடக்கத்தில் பெய்த மழையின் சேறு அப்போதும் காயவில்லை. எனக்கென்று ஒதுக்கியிருந்தது நீல வண்டி, மகள் கேட்ட நிறம். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். குந்தி உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 1225 என்று இருந்தது. 2025இன் பன்னிரண்டாவது வாரம், மார்ச். டயர் தேதியே வண்டியின் தேதி ஆகிவிடாது, முன்பே வாங்கி வைத்த டயராக இருக்கலாம். ஆனால் நான்கும் ஒரே வாரம். ஸ்பேரும் அதே. தம்பி போன் போட்டுக் கேட்டான். ஏப்ரலில் தயாரான வண்டி.

எட்டு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால், சீட் தண்டவாளத்தைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட் தெரியும். இடது பக்கத்துப் போல்ட்டின் தலையில் பழுப்பாகத் துரு. மிதியடிக்குக் கீழே கார்ப்பெட்டை விரலால் தூக்கினேன். ஈரமில்லை, ஆனால் ஓரத்தில் மெல்லிய மண் கோடு, டீ காய்ந்த டம்ளரில் இருக்குமே அந்த மாதிரி. அந்தக் கோட்டை நான் நன்றாக அறிவேன். மிக்ஜாமுக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு அதே கோடுதான் இருந்தது.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது. அவனுக்கு அது தெரியாது என்பதை நான் நம்புகிறேன். யார்டுக்காரர், தண்ணீர் ஏறவில்லை, கழுவும்போது பட்டிருக்கும் என்றார். இருக்கலாம். மேனேஜர் போனில், இதே வண்டிக்கு இன்னும் 10,000 குறைக்கிறேன் என்றார். தண்ணீர் நின்ற சந்தேகம் இருக்கும் வண்டிக்குப் பத்தாயிரம் என்ன, ஐம்பதாயிரம் குறைத்தாலும் வேண்டாம். ஒயரிங்குக்குள் ஈரம் போயிருந்தால் ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும், அப்போது அப்பாவைக் காரில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நிற்க வேண்டும்.

வேறு வண்டிகளைப் பார்த்தோம். நீலத்தில் வேறு இல்லை. வெள்ளையில் ஒன்று, யார்டின் மேடான பக்கத்தில், அக்டோபரில் தயாரானது. டயர் 3825. ஓடியது 14 கிலோமீட்டர். போல்ட் வெள்ளி மாதிரி மின்னியது. ஸ்பேர் வீல் குழி, ஏர் ஃபில்டர், ஹெட்லைட்டுக்குள் பனி படிந்திருக்கிறதா, கதவு இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவா என்று முக்கால் மணி நேரம் பார்த்தேன். சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து, புக்கிங் பாரத்தில் எழுத வைத்தேன். அப்புறம் இன்வாய்ஸிலும், பாரம் 21 என்னும் விற்பனைச் சான்றிலும் அதே நம்பர் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். தயாரான மாதமும் வருஷமும் அந்தப் பாரத்தில் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். மகள் வெள்ளை என்றதும் அரை நாள் பேசவில்லை. காரணத்தைச் சொல்லி, மண் கோட்டின் போட்டோவைக் காட்டினேன். ஒன்பதாவது படிக்கிறாள், புரிந்துகொண்டாள்.

அம்மாவைச் சமாதானப்படுத்துவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மார்கழியில் வண்டி எடுப்பதாவது. "கொஞ்ச நாள் பொறுத்தா தை பொறந்துடும். என்னாடா அவசரம்?" என்றாள். தை பிறந்தால் ஊரே வாங்க வரும், இந்த விலை இருக்காது, பதிவாகும் வருஷமும் மாறிவிடும் என்று விளக்கினேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் காலண்டரைப் புரட்டினாள். டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை, வைகுண்ட ஏகாதசி. "பெருமாளுக்கே வாசல் தொறக்கற நாளு. அன்னிக்கு வர்றதா இருந்தா வரட்டும்" என்றாள்.

தம்பிக்குப் போன் செய்து 30ஆம் தேதிதான் டெலிவரி என்றேன். 24ஆம் தேதி இன்வாய்ஸ் போட்டார்கள். 29ஆம் தேதி பதிவு, டிஎன் 03. முப்பதாம் தேதி காலை ரசீதுகள் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தான். சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், வாரன்ட்டி, மிதியடி, மட்ஃபிளாப், ஃபாஸ்டேக். என் தாளில் இருந்த வரிகளோடு ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு மீதிப் பணத்துக்கு டிராஃப்டைக் கொடுத்தேன். அது அவனுக்கு அந்த மாதத்தின் ஏழாவது வண்டி. நாளைக்கு ஒன்று இருக்கிறது அண்ணா, எட்டு ஆகிவிடும் என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் காலடிப்பேட்டை கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்குத்தான் முதலில் போனோம். ஏகாதசிக் கூட்டத்தில் பக்கத்தில் போக முடியவில்லை. தள்ளி நிறுத்திவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அப்பா முன்சீட்டில் இருந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஏறும்போதும் இறங்கும்போதும் கதவைப் பிடித்துக்கொண்டார், யாரையும் பிடிக்கவில்லை.

சீட்டின் பிளாஸ்டிக் உறையை மட்டும் தை பிறக்கும்வரை எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பதினாறு நாள் அதன்மேலேயே உட்கார்ந்து போனோம். ஜனவரி 15, பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, அவளே கிழித்தாள்.